நாற்பது கிலோ கோழிக்கொண்டையும் ஒன்றும்

விடியக்காலை மூன்றரைக்கு
செங்கோட்டை பெட்ரோல் பங்கு கழிப்பறையில்
பையைக் காலி செய்துவிட்டுத்தான்
வண்டியை எடுப்பேன்.
நிறைந்த பையோடு ஆரியங்காவு தாண்டக் கூடாது
என்பது நானே இயற்றிய சட்டம்.
இயற்றிய இடம் தென்மலை, போன ஆடி.
அதற்கு மேல் கேட்காதீர்கள்.

பின்னால் செண்டு, வாடாமல்லி,
நாற்பது கிலோ கோழிக்கொண்டை.
அத்தம் பிறந்து நாலாம் நாள்,
புனலூர்க்காரர்களுக்கு முற்றத்தில் நிறம் வேண்டும்.

முன்னால் நான்.
என் வயிற்றின் இடது பக்கம்
தொப்புளுக்கு மூன்று விரல் கீழே
இன்னுமொரு கோழிக்கொண்டை.
அதே சிவப்பு, அதே ஈர மடிப்பு.
குடல்வாய் என்று எழுதிக் கொடுத்தார்கள்.
தொட்டால் வலிக்காது.
பயமே அதுதான்:
நசுங்கினாலும் என்னிடம் சொல்லாது.

இந்தக் கறுப்புப் பட்டை இருக்கிறதே,
வலது தோளிலிருந்து இறங்கி
இத்தனை பெரிய உடம்பில்
நேரே அதைத்தான் தேடிப் போகும்,
பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு
வழி விசாரித்து வருகிறவர் மாதிரி.

துண்டை மடித்து வைத்தேன்,
புளியரை வளைவில் மடியில் விழுந்தது.
தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து
விளிம்பில் துணி சுற்றினேன்.
மாடக்கண்ணு முதலில் சிரித்தார்.
பிறகு, "சடன் பிரேக் போட்டா
அந்தச் சிரட்டை எங்க போயி நிக்கும் இசக்கி?" என்றார்.
கடைசியில் கொக்கியில் மாட்டாமல்
குறுக்கே இழுத்துத் தொடைக்கடியில் செருகினேன்.
கேரளத்துக் கேமரா ஏமாந்தது.
மலை ஏமாறுமா?

"இந்தப் பக்கம் வந்து உக்காரு, நான் ஓட்டுதேன்."
உட்கார்ந்தேன்.
இடது இருக்கைப் பட்டை இடது தோளில் இறங்கி
வலது இடுப்புக்குப் போய்விட்டது,
குடல்வாயைக் கண்டுகொள்ளவே இல்லை.
சொர்க்கம்தான், கோட்டைவாசல் வரைக்கும்.
அதற்குள் ஒவ்வொரு வளைவிலும்
மூன்றாவது கியரில் என் வண்டியை அழவைத்தார்.
இறங்குங்க என்றேன்.

சித்திரையில் செக்போஸ்டில் மாட்டினேன்.
"எந்தா சேச்சி, பெல்ட் இடான் வய்யே?"
குடல்வாய்க்கு மலையாளம் தெரியாது எனக்கு.
வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.
அந்தப் பையன் முகம் மாறிவிட்டது.
"கர்ப்பிணியாணோ?"
எனக்கு நாற்பத்தாறு வயசு.
அவன் தன் பெல்ட் வாரையே பிடித்துக் காட்டினான்:
"வயற்றினு மேலே இடருது. தாழே.
எல்லினு மேலே. முறுக்கி."
வயிற்றின் மேல் அல்ல, கீழே.
எலும்பின் மேல். இறுக்கி.
அபராதம் ஐந்நூறு, ரசீது கொடுத்தான்.
நான் மறுக்கவும் இல்லை,
பிள்ளை எத்தனை மாசம் என்று சொல்லவும் இல்லை.

வண்டியை ஓரங்கட்டி
சேலைக் கொசுவத்துக்கு அடியில் விரலை விட்டு
இடுப்பெலும்பைத் தேடினேன்.
மூன்று பிள்ளை பெற்ற உடம்பில்
அது எங்கேயோ சுருண்டு கிடந்தது.
ரெண்டு பக்கமும் கிடைத்ததும்
கீழ்ப்பட்டையை அங்கே படுக்கவைத்தேன்.
இருக்கையை ஒரு பல் உயர்த்தினேன்.
மேல்பட்டை முழுக்க விலகிவிட்டது என்று
பொய் சொல்லமாட்டேன்.
பையின் ஓரத்தை உரசித்தான் போகிறது.
உரசல் வேறு, மிதி வேறு.

இன்றைக்குக் கழுதுருட்டியில்
பதிமூன்று கண் பாலத்துக்கு முன்னால்
ரப்பர் ஏற்றிய லாரி
சிக்னலும் இல்லாமல் நின்றது.
மிதித்தேன்.
பட்டை எலும்பைக் கவ்விப் பிடித்தது.
பின்னால் நாற்பது கிலோவும் சரிந்து
பிடரியில் வாடாமல்லி கொட்டியது.

முன்னால் இருந்த ஒற்றைக் கொண்டை
இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு
லாரியைப் பார்த்து
நீளமாய் ஒரு சத்தம் விட்டது.
நான் சொல்ல வாயெடுத்ததைவிட
அது மரியாதையாகத்தான் இருந்தது.