எரியக்கூடாத பல்பு

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மோட்டாருக்கு
மாடிப்படிக்கடியில் நாங்களே கட்டிய பேனல்.
பழைய பீரோத் தகரம், புது கான்டாக்டர்,
பத்தொன்பது ராத்திரி.

மெயின் பக்கமே போக விடவில்லை டெய்சி ராணி.
ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தாள்,
பாக்கி வைத்தவன் சட்டையைப் பிடிப்பதுபோல.
ஏழாவது, கையோடு வந்துவிட்டது.
"உப்புக்காத்து மேல பழி போடாத.
முடுக்காம வுட்டது நீ."

மீட்டர்
கத்தவேண்டிய இடத்திலெல்லாம் கத்தியது.
கத்தக்கூடாத ஓரிடத்திலும்.
டார்ச் அடித்தோம்.
மீன்முள்ளைவிட மெல்லிய செம்பு இழை ஒன்று
ஃபேஸிலிருந்து தகரத்துக்கு
சத்தமில்லாமல் சாய்ந்திருந்தது.
நாளைக்கு அந்தக் கதவைத் தொடப்போவது
ஈரக்கையோடு எங்கள் டில்லிபாபு.

பிடுங்கினோம். மறுபடி மீட்டர்.
மோட்டாரைக் கழற்றிவைத்து
நூறு வாட் பல்பை சீரீஸில் கோத்தோம்.
ஷார்ட் இருந்தால் பளிச்சென்று எரியும்.
ரப்பர் செருப்பு, ஒரு கை பாக்கெட்டில்.
எரியாதே எரியாதே என்று
ஒரு பல்பை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

எரியவில்லை.
நான் விசிலடித்தேன்.
அவள் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்:
எதிர்வீட்டு டிவி பாதி வசனத்தில் நின்றிருந்தது,
தெருவிளக்கும் இல்லை.

சுவிட்சை அணைத்துவிட்டு
படியில் உட்கார்ந்தாள்.
"கரன்ட் வரட்டும்.
மொதல்லேர்ந்து."