ஏழாம் லேன்

முதலில் நம்பர் பிளேட்டில் பாதி போகும்.
கே ஏ என்று தெரியும், எண் இருக்காது.
சிலசமயம் எண் இருக்கும்,
ஊர் இருக்காது.
இன்னும் இருபது நிமிடம் என்று
அப்போதே தெரிந்துவிடும்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி. இரவு ஷிப்ட்.
ஃபாஸ்டேக் வந்தபின் சில்லறைச் சத்தம் போய்
இந்த 'பீப்' வந்திருக்கிறது.
ஒவ்வொரு பீப்புக்கும்
வலது பொட்டில் யாரோ ஆணியைத் தட்டிப் பார்க்கிறார்கள்,
சுவரில் படம் மாட்டப் போகிறவர்கள் மாதிரி,
இங்கேயா, இன்னும் கொஞ்சம் மேலேயா என்று.

சந்தையில் வேர் விற்கும் திம்மராயன்
தும்பைச் சாறு மூன்று சொட்டு என்றான்.
வலப்பக்கம் வலித்தால் இடக்காதில்.
"வலி எதிர்வீட்டில் இருக்க
மருந்தை இந்த வீட்டிலா கொடுத்துட்டு வர்றது?"
"பின்ன? நேரா போனா
கதவைத் திறக்குமா அது?"

பெரியாஸ்பத்திரி சித்தா பிரிவில்
டாக்டர் யாழிசை காதைப் பார்த்துத் திட்டினாள்.
என்னைவிட நாலு வயது சின்னவள்.
சூரணப் பொட்டலம், தேனில் குழைக்க.
நொச்சி ஆவி, வாரம் இரண்டு முறை.
சுக்கை உரைத்து நெற்றிக்குப் பற்று.
"மாசத்துல எத்தனை நாள் வருது?"
தெரியவில்லை.
"எண்ணுங்க."

இத்தனை வருடத்தில்
பொறுத்துக்கொள் என்றார்கள், தூங்கு என்றார்கள்,
காபியை விடு, காபியைக் குடி என்றார்கள்.
எண்ணச் சொன்னது இவள்தான்.

ரசீதுச் சுருளின் பின்பக்கம் கோடு கிழித்தேன்.
ஐப்பசியில் பதினொன்று.

காவேரிப்பட்டணம் வாடகை அறையில்
நொச்சி கொதிக்கும் பானைமேல் போர்வை மூடி உட்காருவேன்.
பச்சையும் கசப்புமாய் மூக்கில் ஏறும்.
உள்ளே இருக்கும்வரை வலி இல்லை.
அது போர்வைக்கு வெளியே
செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கும்.

"நெத்தியில என்ன அது?
வண்டிக்காரங்க பாக்கறாங்க இல்ல?"
என்றார் சூப்பர்வைசர்.
பார்த்தான் ஒருவன்.
மார்கழி, மூன்று மணி,
மேலுமலைப் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
கருங்கல் பலகை ஏற்றிய டாரஸ்,
டேக்கில் காசில்லை.
பணம் நீட்டக் குனிந்த டிரைவரின் இடது பொட்டில்
காய்ந்து வெடித்த பற்று.
எனக்கு வலது.

"சுக்கா?"
"சுக்கு. உங்களுது?"
"மிளகும் கொஞ்சம். எரியும்."
பின்னால் ஹாரன். கட்டையைத் தூக்கினேன்.

மறுவாரம் அதே டாரஸ்
தூரத்திலேயே விளக்கைத் தணித்துக்கொண்டு
ஆறு லேன் காலியாய்க் கிடக்க
ஏழாம் லேனுக்கு வந்தது.
டேக்கில் காசு போட்டிருந்தான். பீப்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
முகத்தைச் சுளித்தோம்.

தை மாதம் ஏழு கோடு.
சூரணமா, நொச்சியா, எண்ணியதா,
எது கேட்டது என்றால்
யாழிசை உதட்டைப் பிதுக்குகிறாள்.
மாத்திரையையும் விடாதீங்க என்கிறாள்.

எட்டாவதுக்கு இடம் விட்டுத்தான்
சுருளை மடித்து வைத்தேன்.
மாதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.