படிவத்தின் பதினோராம் கேள்வி

எட்மன்டன் நித்திரைச் சிகிச்சை நிலையத்தில்
மாரிசெல் ஒரு படிவம் தந்தாள்.
நோயாளிக்கு அல்ல,
பக்கத்தில் படுப்பவருக்கு.

மூச்சு நிற்கிறதா? ஆம்.
ஓர் இரவில் எத்தனை தரம்? பல தரம்.
ஆகக் கூடியது எத்தனை விநாடி?
பேனையை வைத்துவிட்டு
சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
மைனஸ் முப்பத்தொன்றில்
கார்களெல்லாம் மின்வயரைக் கடித்தபடி நின்றன.

பத்தொன்பது வயதில்
எனக்கும் மூச்சு நின்றிருக்கிறது,
டியூஷன் வாசலில்
சபேசனின் சைக்கிள் மணிக்கு.
நீ இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று
கொப்பி ஒற்றை கிழித்து எழுதினேன்.
அவன் ஜெர்மனிக்குப் போனான்.
அன்றிரவு இரண்டு தட்டுப் புட்டுச் சாப்பிட்டேன்.
பசித்ததே என்று அதற்கும் அழுதேன்.

முப்பத்து நாலில் எல்லாம் கணக்கு.
பிள்ளைக்கு இரவில் யார் எழும்பினது,
வாசலில் பனி யார் வழித்தது,
போன சண்டையில் முதலில் பேசினது யார்.
எப்படிக் கூட்டினாலும் யோகலிங்கம்தான் கடன்காரர்.
ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்:
"என்னட்டையும் ஒரு கொப்பி இருக்கு.
அதில நீர்தான் கடன்."

இப்போது ஐம்பத்தெட்டு.
குறட்டை நின்றால்தான் விழிப்பு வருகிறது.
இருட்டில் எண்ணுவேன்,
பன்னிரண்டில் முழங்கையால் இடிப்பேன்.
"என்ன?"
"ஒண்டுமில்லை, திரும்பிப் படுங்கோ."
நாங்கள் தவறாமல் பேசிக்கொள்வது
இது ஒன்றுதான்.

தை மாதத்தில் ஓர் இரவு
நான் இடிக்கவில்லை.
கோபமும் இல்லை.
பதினைந்து.
பதினெட்டில் அலுமாரிச் சட்டைகள் ஞாபகம் வந்தன,
யாருக்குக் கொடுப்பது என்று.
இருபதில்
கட்டிலின் நடுவில் படுத்துப் பார்த்தேன், மனதுக்குள்.
இருபத்திரண்டில் ஹீட்டரும் நின்றது.
வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.
இருபத்து மூன்றில், அவராகவே,
உறைந்த எஞ்சின்போல முக்கி முனகி
மூச்சு வந்தது.

விடியும்வரை அவர் சட்டைக் கையைப்
பிடித்துக்கொண்டு கிடந்தேன்.
காலையில் அவர் தேத்தண்ணிக்குள்
டொக்டர் வேண்டாமென்ற இரண்டாவது கரண்டிச் சீனியும் போட்டேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
குடித்தார்.

பதினோராம் கேள்விக்கு நேரே
பன்னிரண்டு என்று எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.

மாரிசெல் அந்த எண்ணில் விரலை வைத்தாள்.
"நீண்ட நேரம் இது."

"ஓம்" என்றேன்.