சாவி வாங்க வருகிறவர்களுக்கு

மாட்ரிட்டிலிருந்து ஏழு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறீர்கள்.
கடைசி இருபது நிமிடம் யூகலிப்டஸ் காட்டுக்குள்
ஒரே வளைவை மூன்று முறை பார்த்திருப்பீர்கள்.
எல்லாரும் பார்ப்பார்கள்.
வழி காட்ட ஒரு பலகை இருந்தது,
அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் எர்மிந்தா. இது கலீசியா.
மழையைப் பற்றி இங்கே யாரிடமும் முறையிட முடியாது.

இரும்புச் சாவி கீழ்க் கதவுக்கு.
கதவை லேசாகத் தூக்கித் திருப்ப வேண்டும்,
உப்புக்காற்று தின்று தின்று இறங்கிவிட்டது.
வெந்நீர் இரண்டு பேருக்கு வரும்.
மூன்றாவது ஆள் பாடிக்கொண்டே குளிக்கட்டும்.
படுக்கையறைச் சுவரில் வெளிறிய சதுரம் ஒன்று இருக்கும்,
எங்கள் கல்யாணப் படம் மாட்டிய இடம்.
ஜூன் கடைசியில் கழற்றிவிடுவேன்.
முன்பின் தெரியாதவர்கள் தூங்குவதை
எவாரிஸ்டோ பார்த்துக்கொண்டே இருப்பது
அவருக்கும் நல்லதில்லை.

கடற்கரையா?
மக்காச்சோளக் கொல்லை தாண்டி,
கல் கால்களில் நிற்கும் தானியக் களஞ்சியம் தாண்டி,
நாய் குரைக்கும் வீட்டுக்கும் குரைக்காத வீட்டுக்கும்
நடுவில் இறங்குங்கள்.
குடை இல்லை, சாய்வு நாற்காலி இல்லை.
ஐஸ்கிரீம் வண்டி ஒரே ஒருமுறை வந்து மணலில் புதைந்தது,
ட்ராக்டர் கட்டி இழுத்தோம்.
தண்ணீர் ஆகஸ்டிலும் எலும்பைத் தொடும்.
தெற்கே, ரிசார்ட் கரைகளில்,
துண்டு விரிக்க விடியலிலேயே ஓடுகிறார்களாமே.
இங்கே எங்கே விரித்தாலும் அதுதான் நடு.

போன வருடம் ஒரு பல் மருத்துவர்,
பில்பாவோக்காரர், நல்ல மனிதர்தான்,
விருந்தினர் நோட்டில் எழுதிப் போனார்:
"அமைதி அற்புதம். ஆனால் விடியற்காலையில்
கரையில் பெண்களின் சத்தம்."

அந்தச் சத்தம் நாங்கள்.
நீர் வற்றும் நேரத்தைக் குறிப்பது நிலா, நாங்களில்லை.
அது ஐந்து மணி என்றால் ஐந்து மணி.
முகத்துவாரத்தில், இடுப்பளவு நீரில்
பதினொரு பேர் குனிந்து சிப்பி வாருகிறோம்.
பேச்சை நிறுத்தினால் முதுகு பேச ஆரம்பித்துவிடும்.
டொரிந்தாவின் மருமகன் கதையில் மட்டும்
இரண்டு வாளி நிறைந்துவிடும்.

மூடுபனி இறங்கினால் நீந்தப் போகாதீர்கள்.
போய்விட்டீர்களா, அசையாமல் நின்று கேளுங்கள்.
நாய் குரைக்கும் பக்கம் கரை.
நாய் தூங்கிவிட்டால்
டொரிந்தா பேசும் பக்கம் கரை.

அதே நோட்டில், வேறு வேறு கையெழுத்தில்,
எட்டு வருடமாக ஒரே வாசகம்:
"தயவுசெய்து இந்த இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்."
எழுதியவர்களில் நான்கு பேர்
மைத்துனரை அனுப்பிவைத்தார்கள்.

நான் யாரைக் குறை சொல்ல?
'கடற்கரை, 400 மீட்டர்' என்று
சுற்றுலாத் துறை நட்ட பலகையை
மார்ச் மாத இரவொன்றில் காற்று பிடுங்கியதாக
நகராட்சியில் நான்தான் போய்ச் சொன்னேன்.
நல்ல கனமான தகரம்.

நீங்கள் என் வீட்டில் தூங்கும் முப்பத்தொரு இரவும்
நான் படகுக் கொட்டகையில் தூங்குகிறேன்.
கூரை ஒழுகிய இடத்தில் அந்தத் தகரம்.
மல்லாந்து படுத்தால் முகத்துக்கு நேரே
நீல அலையும் வெள்ளை அம்பும்.
அம்பு இப்போது கோழிக்கூண்டைக் காட்டுகிறது.
உங்கள் ஒரு ஆகஸ்டு எனக்கு
படகு எஞ்சினின் தவணை, ஜனவரியின் டீசல்,
ஒரு வருட முதுகு மாத்திரை.

இரவில் கோழிகளைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தால்
மாடியில் உங்கள் விளக்கு எரியும்.
என் ஜன்னலை நான் வெளியிலிருந்து பார்ப்பது
வருடத்தில் ஒரு மாதம்தான்.
அழகான வீடு.
வாடகைக்கு எடுக்கலாம் போலிருக்கும்.

காலில் மணலோடு உள்ளே வந்தாலும் பரவாயில்லை.
போகும்போது சாவியைக் கொக்கியில் மாட்டுங்கள்.
நோட்டில் எழுதப் பேனா ரேடியோவுக்குப் பக்கத்தில்.
யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுதுங்கள், சரிதான்.
கீழே உங்கள் மைத்துனர் எப்போது வருவார் என்பதையும்.
செப்டம்பர் இன்னும் காலியாக இருக்கிறது.