இருபத்து மூன்றாம் பக்கம்

மூன்றே முக்காலுக்கு மஹ்மூதாவின் அலாரம்.
தலையணைக்கடியில் புதைத்துத்தான் வைத்திருப்பாள்.
என்றாலும் முதலில் எழுவது நான்.
அவளுக்கு சஹர், எனக்குக் குளியலறைச் சுவர்.

விடுதியின் கடைசிக் குளியலறையில் மட்டும்
இன்னும் மஞ்சள் குண்டு பல்ப்.
ஜன்னலின் உடைந்த மூலை வழியே
அட்டுவம்பட்டிச் சரிவின் அந்துப்பூச்சிகள்
இரவெல்லாம் அதைத் தேடி வந்து,
ஹால் டிக்கெட் பார்த்து உட்காரவைத்ததுபோல்
இடம்விட்டு இடம்விட்டுச்
சுண்ணாம்பில் ஒட்டியிருக்கும்.

நேற்று நாற்பத்தொன்று.
இன்று மழை, பதினேழுதான்.
பெயர் தெரியாதவற்றுக்கு நானே வைக்கிறேன்:
கிழிந்த ரசீது, வார்டன் சால்வை,
பூம்பாறைப் பூண்டுத்தோல்.
நோட்டின் முன்பக்கத்திலிருந்து ரியல் அனாலிசிஸ்,
பின்பக்கத்திலிருந்து பூச்சி.
இரண்டும் முட்டிக்கொள்ள
இன்னும் ஆறு தாள் இருக்கிறது.

அவள் ராத்திரிச் சப்பாத்தியைத் தேநீரில் நனைத்தபடி
கர்நாடகப் போர்களின் ஆண்டுகளை முணுமுணுக்கிறாள்.
நான் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
எப்சிலானுக்கு டெல்டா தேடுகிறேன்.
"உங்க கணக்குல எல்லாமே
'கொடுக்கப்பட்டால்'னுதான் ஆரம்பிக்குது.
யாருடீ கொடுக்கிறது?"
"அதெல்லாம் கேக்கக் கூடாது."
"அப்ப எங்களுக்கும் அப்படித்தான்" என்று
கடைசி மிடறு தண்ணீரைக் குடித்துவிட்டு
போனில் பாங்குக்குக் காத்திருக்கிறாள்.

அவள் தொழும் மூலையில் என் ஈரச் சாக்ஸ் காயும்.
எடுத்துவிடுவேன்.
என் வழிபாடு அதைவிடச் சின்னது:
குழந்தை வேலப்பர் திருநீறு.
அப்பா பூண்டுப் பையோடு சேர்த்து
கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியது.
நெற்றியில் இட்டால்
சாமியும் அடுப்படியும் ஒன்றாக மணக்கும்.
பாஸாக்கு என்று கேட்கத்தான் கூச்சம்.
ரியல் அனாலிசிஸ் பற்றி அவருக்கென்ன தெரியும்,
குழந்தை.

பரீட்சை நாள்.
ஏரிப்பக்கமிருந்து சீசன் பஸ்களின் ஹாரன்.
"விடைத்தாளில் எந்தக் குறியும் இடக்கூடாது,
பிள்ளையார் சுழி உட்பட"
என்றார் மேற்பார்வையாளர், என்னைப் பார்த்தே.
பேனா முனை 'உ' வரைக்கும் போய்த் திரும்பியது.

இருபத்து மூன்றாம் பக்கத்தில்,
சீரான தொடர்ச்சியைப் பாதி நிறுவியிருக்கும்போது
ஸ்வெட்டர் மடிப்பிலிருந்துதான் இருக்கவேண்டும்,
ஒன்று இறங்கி வரியின்மேல் உட்கார்ந்தது.
இதுவரை பார்த்ததே இல்லை.
சாம்பல் நிறம். முன்சிறகில்
வளைந்து முடியாமல் நிற்கும் வெள்ளைக் கோடு.
ஊதியிருக்கலாம்.
தாளை ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம்.
பத்து மார்க் அதன் வயிற்றுக்கடியில்.
உணர்கொம்புகள் நடுங்கின.
சுவர்க் கடிகாரப்படி நாலு நிமிஷம்
மூச்சைக்கூட அளந்து விட்டேன்.
பிறகு போனது,
திறந்திருந்த ஜன்னலுக்கு அல்ல, டியூப்லைட்டுக்கு.

இருந்த இடத்தில் சாம்பல் பொடி.
துடைக்கப்போய் இன்னும் பரவிற்று.
திருத்துகிறவர் என்ன நினைப்பார்?
இன்னொருத்தி விபூதி பூசி அனுப்பியிருக்கிறாள்
என்றுதானே.
மார்க்கைக் குறைப்பாரோ,
யாருக்கும் தெரியாமல் கண்ணில் ஒற்றிக்கொள்வாரோ.
கடைசிக் கேள்வியில்
எண்ணை மட்டும் எழுதியபோது மணி அடித்துவிட்டது.

ஆறரைக்கு அறையில் நோன்புக் கஞ்சி.
தூக்குவாளி மூடியில் எனக்கும் ஒரு பங்கு.
ஒரு கையால் நோட்டைப் பின்புறமாகத் திறந்து எழுதினேன்:
நேரம் பதினொன்று நாற்பது. மூட்டம்.
பார்த்த இடம், விடைத்தாள், பக்கம் இருபத்து மூன்று.
"பேரு?" என்றாள் மஹ்மூதா.
யோசித்துக்கொண்டிருந்தேன்.
பேரீச்சங்கொட்டையை உள்ளங்கையில் துப்பி
"அரியர்னு வை" என்றாள்.
சிரித்ததில் கஞ்சி சிந்தி
ஒரு மூலை நனைந்துவிட்டது.

வைத்தேன்.
பென்சிலால்தான்,
ரிசல்ட் வரட்டும்.