முப்பத்தோராம் நாள்

பதினொன்று இருபதுக்குக் கரண்ட் போனது.
உகணைப் பக்கம் எங்கோ கம்பி அறுந்ததாம்.
சம்மாந்துறை முழுக்க இருட்டு.
வயலுக்குள் அறுவடை மெசின் ஒன்றின்
இரண்டு மஞ்சள் கண் மட்டும்
நின்று நின்று நகர்ந்தது.

இருந்த ஒரு யூ.பி.எஸ் இன்குபேற்றருக்கே காணாது.
சூடு போனால் எல்லாம் போகும்.
துடிப்பூட்டியைக் கழற்றினேன்.
ஒரு மாதமாய் இரவு பகலாய்த்
தட்டிக்கொண்டேயிருந்த சின்னப் பெட்டி
முதல்தடவை வாய் மூடியது.

கிண்ணத்தில் இருந்தது
சுண்டுவிரல் நகமளவு இதயத் தசை.
யாரோ ஒருவரின் தோலில் எடுத்து,
கருவரைக்கும் பின்னால் நடத்தி,
திரும்ப முன்னால் நடத்தி,
இதயமாகு என்று சொல்லி வைத்த கலங்கள்.
குளிர்ப்பெட்டியில் வந்து இறங்கிய அன்று
சுங்கத் தாளில் ‘உணவல்ல’ என்று எழுதியிருந்தது.

முதல் வாரம் ஆளுக்கொரு தாளம்.
இந்த மூலை துள்ள அந்த மூலை தூங்கும்,
கல்முனைச் சந்தையில்
பத்துப் பேர் ஒன்றாய் விலை கூவுகிற மாதிரி.
பிறகுதான்
காபன் நனோக் குழாய்களைக் கூழில் கலந்தோம்.
ஒரு தலைமயிரைப் பத்தாயிரமாய்ப் பிளந்தால்
வருகிற தடிப்பு.
கூழ் கறுத்தது, மை விழுந்த பால் போல.
தீவு தீவாய்க் கிடந்தவற்றுக்கு நடுவே
ஒன்றின் அதிர்வு மற்றதற்குப் போக
ஒரு வழி.

அதன் மேல் மின்சாரம்.
நொடிக்கு ஒன்று. நாலு நாள் கழித்து இரண்டு.
பிறகு மூன்று.
உரக் கொம்பனி கொடுத்த டயறியில்
ஜெஸீலா எழுதிக்கொண்டே வந்தாள்.
தொழுகைக்கு எழும்பிப் போகும்போதும்
‘ஒருக்காப் பாத்துக்கங்க’ என்பாள்,
தொட்டிலில் பிள்ளை விட்டுப் போகிறவள் மாதிரி.

போன் வெளிச்சத்தை அடியில் பிடித்துக்
கண்ணை வைத்தேன்.
அசைவில்லை.
நாற்பது எண்ணினேன். நூறு எண்ணினேன்.
ஏழாம் நாள் கூட
கரண்டில்லாமல் தானாய்த் துடித்ததே இது.

எங்கள் காரைதீவில்
முப்பத்தொன்று என்றால் வேறு கணக்கு.
வீடு கழுவி, சமைத்துப் படைத்து
போனவரை முழுதாய் அனுப்புகிற நாள்.
வாய்விட்டுச் சொல்லவில்லை நான்.
சொன்னேனோ என்னவோ,
‘எங்கட ஆக்களுக்கு நாப்பது’ என்றாள் ஜெஸீலா,
‘இன்னும் ஒம்பது நாள் கிடக்கு.’

காவலாளி இல்முடீனின் பல்சரில்
பற்றறி கழன்று மேசைக்கு வந்தது.
‘விடிய ஸ்ராட் ஆகாட்டி
நீங்க ரெண்டு பேரும் தள்ளணும்.’
இரண்டு கிளிப்.
கை நடுங்கியது, யாருடையது என்று எழுதவில்லை.
ஒரே ஒரு தட்டு.

முழுத் தசையும்
மூலை மிச்சமின்றி
ஒரு தரம் இறுகி
விட்டது.
பிறகு சும்மா இருந்தது.

இன்னொன்று. பதில்.
சும்மா.

பிஞ்சுதான் கூப்பிடாமல் துடிக்கும்,
முற்றினது அழைப்புக்குக் காத்திருக்கும்.
வாசித்திருந்தோம். பரீட்சையில் எழுதியுமிருந்தோம்.
அந்த நூறு எண்ணும்வரை
ஒருத்தியும் நம்பியிருக்கவில்லை.

இல்முடீன் எட்டிப் பார்த்தார்.
‘இது ஆருட?’
‘ஆருடையும் இல்ல.’
‘பின்ன என்னத்துக்கு இந்தப் பாடு?’
மாரடைப்புக்குப் பிறகு
தழும்பாகிப்போன இடத்தில் ஒட்ட, ஒரு காலம்,
பத்தோ இருபதோ வருசத்தில், யாருக்காவது.
இரவு ஒரு மணிக்கு
அது ஒழுங்காய் வாயில் வரவில்லை.

‘ஒருக்கா அமத்துங்க’ என்று
ஜெஸீலா சுவிட்சை நீட்டினாள்.
அமத்தினார்.
அது பதில் சொன்னது.

வேறு யாரோ வீட்டுக் கதவைத்
தவறித் தட்டிவிட்டவர் போல
கையை இழுத்துக்கொண்டார்.