ரப்பர் பேண்டின் விலை

காலை ஏழு மணி. ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கும்.
கடைக்குள் முதல் பொய் என்னுடையது.
கையில் லேபிள் துப்பாக்கி,
ஓர் அழுத்துக்கு ஒரு மஞ்சள்.

மேலே 'சாரல் காலச் சலுகை' தோரணம்.
குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால்
தெற்கு பைபாஸில் விலை விழும் என்பது
மேனேஜர் தனசிங்கின் கண்டுபிடிப்பு.
எங்கே விழுகிறது?
நேற்று 84 என்றிருந்த அட்டையில்
112 என்று எழுதி, நானே அதை அடித்து,
பக்கத்தில் 89 போடுகிறேன்.
அடிக்கிற கோடு சிவப்பாக, கொஞ்சம் கோணலாக வரவேண்டும்,
யாரோ மனமிரங்கி அவசரத்தில் அடித்ததுபோல.
ஸ்கேல் வைத்து அடித்தால் ஒருத்தரும் நம்புவதில்லை.

பாத்திரச் சோப்பு ஒன்று பத்து ரூபாய்.
மூன்றைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டால்
'குடும்பக் கட்டு, 33 மட்டும்'.
'மட்டும்' எங்களிடம் எப்போதும் ஸ்டாக் உண்டு.

பதினொரு மணிக்கு முகைதீன் பாத்து வந்தார்,
மேலப்பாளையத்திலிருந்து, கூட மூன்று பேர்.
பீடிக் கம்பெனியில்
இலையும் தூளும் நிறுத்துப் போடுகிறவனைப் பார்க்காமல்
பொட்டலத்தைத் தூக்கியே எடை சொல்லிப் பழகிய கை.
சோப்புத்தூள் பாக்கெட்டை எடுத்தார்.
இடது கையிலிருந்து வலது கைக்கு.
திரும்ப இடதுக்கு.
"இது கிலோ இல்லையே வாப்பா."
கண்ணாடிகூடப் போடவில்லை.
பின்பக்கம், மடிப்புக்குக் கீழே, எறும்பெழுத்தில்
850 கிராம்.
பாக்கெட்டுக்கு மட்டும் பழைய உயரம்.

அப்புறம் சோப்புக் கட்டை எடுத்து
உதிரிச் சோப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.
"தனியா மூணு எடுத்தா முப்பது.
கெட்டிப் போட்டா முப்பத்திமூணு.
அப்பம் ரப்பர் பேண்டு மூணு ரூவாயா?"

நான் சிரித்திருக்கக் கூடாது.
தனசிங் சார் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேங்காயெண்ணெய் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்;
கடையில் அது ஒன்றுதான் உண்மை.
நாலு பாக்கெட் எண்ணெயை ஒரு வீடு என்ன செய்யும்,
தூக்க மாட்டாமல் ஒன்றோடு போவார்கள் என்றுதான்
அந்த உண்மையைத் துணிந்து எழுதியிருந்தோம்.
நாலு பேரும் ஒரே பில் போட்டார்கள்.
பைக் நிறுத்துமிடத்தில் வைத்துப் பிரித்தார்கள்.
ஆளுக்கு ஒரு பாக்கெட், எழுபத்தொன்றே கால் ரூபாய்.
அந்தக் கால் ரூபாயில் சண்டை வந்து
ஆட்டோ ஏறும்வரை முடியவில்லை.
மறுநாள் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொள்ள
பில்லிங் ஜெபசெல்வி கேட்டிருக்கிறாள்.
எனக்குச் சொல்லவில்லை.

ராத்திரி ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றேன்.
எதிரே துணிக்கடை வாசலில்
இரண்டு சட்டை எடுத்தால் மூன்று இலவசம்.
1,400 சிவப்பில் அடித்து, 999.
என்ன கோணல்! கடைசியில் மைகூடத் தீர்ந்து
கோடு லேசாக மங்கியிருந்தது.
என் கைக்கு அது வராது.
எவனோ காலை ஏழு மணிக்கு எழுதியிருக்கிறான்
என்று தெரியும்.
ஓரத்தில் ஒரு குட்டி நட்சத்திரம் இருப்பதும் தெரியும்,
நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்பதும்.
பஸ் வந்தது, போனது.
ஐந்து சட்டையோடு வீட்டுக்குப் போனேன்.

பேச்சிக்கனி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.
"அளவு பாத்தியளா?" என்று மட்டும் கேட்டாள்.
சோறு போட்டாள்.

இன்று காலை சோப்பு அலமாரியில்
ஒரு கட்டுகூட இல்லை. எல்லாம் உதிரி,
வரிசையாக, பத்து ரூபாய் அட்டைக்குப் பின்னால்.
ஓரத்தில் குவித்து வைத்திருந்தார்கள்
கழற்றிய ரப்பர் பேண்டுகளை.
எண்ணினேன். பதினொன்று.
முகைதீன் பாத்து கணக்குப்படி முப்பத்திமூன்று ரூபாய்.

தனசிங் சார் வருமுன் எடுத்து ஒளிக்கலாம் என்று
நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்.
புதுச் சட்டை. யூனிபார்ம் இன்னும் மாற்றவில்லை.
பை வைத்துத் தைக்கவே இல்லை,
மேலே மூடிமட்டும் ஒரு பட்டனோடு.